பதிமூன்று இன்ச் நாய்

நாய்க் கண்காட்சிக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் முதலில் வீட்டில் நாயை அளந்துகொண்டு போகவேண்டும். இதைச் சொல்ல எனக்கு எல்லாத் தகுதியும் உண்டு. நான் அளந்துகொண்டுதான் போனேன்.

எங்கள் கம்பெனியில் இப்போது யாரைப் பார்த்தாலும் நாய் வளர்க்கிறார்கள். கோயமுத்தூரில் கண்காட்சி என்று நோட்டீஸ் வந்துவிட்டால் என்னிடம் வந்து நிற்பார்கள். "அக்கா, நீங்க போயிருக்கீங்கல்ல, என்ன வாங்கலாம், எந்தப் பக்கம் வாங்கலாம்?" நான் போனது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அதற்கே இந்தப் பேர். நானும் சளைக்காமல் சொல்வேன். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள், பழைய செருப்பைப் போட்டுக்கொள், முதல் சுற்றில் எதையும் வாங்காதே. அளவைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை முழுதாக யாரிடமும் சொன்னதில்லை.

சாயங்காலம் ஆனால் கரன்ட் போக ஆரம்பித்த காலம் அது. நல்லூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஐந்து வீடு, ஒரே கேட், கேட்டை ஒட்டி ஹவுஸ் ஓனர் வீடு. நாங்கள் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். என் கணவருக்கு நிட்டிங் மெஷின் ஓட்டும் வேலை, காலை எட்டு முதல் இரவு எட்டு வரை, பல ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. நான் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர், தைத்து வருவதை அளந்து பார்த்துக் குறையுள்ளதைத் தள்ளுகிற வேலை. காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரை. மகளுக்கு ஒன்பது வயது. நாலேகாலுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வருவாள். அப்போதிலிருந்து நாங்கள் வரும்வரை வீட்டில் அவளும் வாசலில் நாயும்தான்.

கம்பெனிச் சுவரில் கடிகாரம் நாலைத் தாண்டினால் எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது. டேபிள் டேபிளாக நடப்பேன். பென்சில் முனை அளவு எண்ணெய்க் கறைக்குப் பத்து பீஸைத் திருப்பி அடிப்பேன். "சாயந்தரமானா இந்தம்மாளுக்கு என்னமோ ஆயிருதுங்க" என்று பெண்கள் என் காதில் விழுகிற மாதிரியே சொல்வார்கள். வந்து கதவைப் பூட்டிக்கொண்டாளா, கேட்டில் யாராவது நிற்கிறார்களா, மெழுகுவத்தி ஏற்றுகிறேன் என்று எதையாவது கொளுத்திக்கொண்டாளா என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கும். பயந்துகொண்டுதான் அத்தனை வருஷமும் வேலை பார்த்தேன். வாசலில் நாய் இருக்கிறது என்பது ஒன்றுதான் தைரியம்.

அந்த நாய் என் கணவரின் அண்ணன் ஊரில் கொடுத்தது. அசல் ராஜபாளையம் என்று சத்தியம் செய்து கொடுத்தார். வளர வளர, பாதிதான் ராஜபாளையம், மீதி எங்கள் தெரு என்று தெரிந்தது. வெள்ளை உடம்பு, நீளக் கால், ஒடுங்கின தலை. ஹவுஸ் ஓனர் அக்காவுக்கு ஒரே ஒரு நிபந்தனை. "நாய் வெச்சுக்கோங்க, வேண்டாங்கல. ஆனா ஊட்டுக்குள்ள மட்டும் சேத்தாதீங்க." அதனால் எங்கள் வாசலுக்கு அருகே மாடிப்படிக்குக் கீழே சங்கிலியில் கட்டியிருப்போம்.

அந்த மாதத்தில் மூன்று தடவை அது அவிழ்ந்துகொண்டது. மூன்றும் நான் இல்லாத சாயங்கால வேளை. மூன்று தடவையும் கழுத்துப் பட்டை பக்கிள் போட்டது போட்டபடி, சங்கிலி நுனியில் வளையமாகக் கிடந்தது. தலையும் கழுத்தும் ஒரே பருமன், பின்னால் இழுத்து உருவிக்கொள்கிறது என்று நினைத்தோம். இன்னும் இறுக்கினால் இருமியது. மூன்றாவது தடவை, ஊத்துக்குளியிலிருந்து ஹவுஸ் ஓனர் வீட்டுக்கு வெண்ணெய் கொண்டுவருகிறவர் கேட்டுக்குள் மொபெட்டை விட்ட நேரம் பார்த்துக் குரைத்துக்கொண்டு பாய்ந்திருக்கிறது. மனிதர் மொபெட்டோடு சாய்ந்தார். முழங்காலில் சிராய்ப்பு, வெண்ணெய்த் தூக்கு சாக்கடை ஓரத்தில்.

நான் வந்ததும் விளக்குமாற்றை எடுத்து நாயை நாலு போட்டேன். படுத்தபடியே வாங்கிக்கொண்டது. மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். சத்தம் கேட்டு ஹவுஸ் ஓனர் அக்கா வந்தார். அவருக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். எனக்குப் பயம் வருவதே அந்த மரியாதையைப் பார்த்துத்தான்.

"நாய அடிச்சு என்னங்க பண்றது, விடுங்க. வர்ற புதங்கெழமை எம்புள்ளையப் பொண்ணு பாக்க வாராங்க. அன்னைக்கு இப்படி ஏதாச்சும் ஆச்சுன்னு வெச்சுக்கோங்க, அப்பறம் நீங்க நாய்க்கு வேற எடம் பாத்துக்கோணுமுங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க."

அவர் போனதும் நான் மகளிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "கேட்டியா? நாய் போச்சுன்னா நீயும் பெரியம்மா வீட்டுக்கு ஊருக்குத்தான். ஒன்னைய ஒத்தையில விட்டுட்டு என்னால அங்க நிக்க முடியாது." அது மிரட்டல் இல்லை. ஊரில் இருக்கிற என் அக்காவிடம் ஏற்கெனவே பேசி வைத்திருந்தேன். சரி என்று சொல்லியிருந்தாள். சோற்றை இறக்கிவைத்துவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை.

மறுநாள் கம்பெனி டெய்லர் ஒருவரிடம் புலம்பினேன். நாய்ப் பைத்தியம் அவர். "கழுத்துல போட்டா உருவத்தான் செய்யுமுங்க. நெஞ்சச் சுத்திப் போடற பட்டை இருக்குது, ஹார்னஸ்ம்பாங்க. முன்னங்கால் ரெண்டும் அதுக்குள்ள பூந்துக்கும், தலைகீழா நின்னாலும் கழலாது. நம்மூர்க் கடையில இல்லீங்க. ஞாயித்துக்கெழமை கோயமுத்தூர்ல பெரிய நாய்க் கண்காட்சி, அங்க வரிசையாக் கடை போட்டிருப்பாங்க. நாய் அளவு மட்டும் கரெக்டா எடுத்துட்டுப் போங்க."

அளவா? அதை என்னிடம் சொல்கிறாரே என்று சிரித்துக்கொண்டேன். பதினோரு வருஷமாக இன்ச் டேப் என் கழுத்தில்தான் தொங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாயைச் சிமெண்டுத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். காலை நீட்டிவிட்டேன். தோலில் சுருக்கம் இல்லாமல் உள்ளங்கையால் நீவினேன். அதுவும் சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. முன்னங்காலுக்குப் பின்னால், முதுகு ஓரத்தில் டேப் நுனியை வைத்து, விலா மேல் படிய இழுத்து, நெஞ்சு ஓரத்தில் முடித்தேன். பதிமூன்று. கழுத்து ஏழு. ஒரு ரிஜெக்ட் சீட்டின் பின்பக்கத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி அடிக்கோடும் போட்டேன். இரண்டாவது தடவை வேறு சரிபார்த்தேன், கால் இன்ச் கூட மாறவில்லை.

மகளை ஹவுஸ் ஓனர் வீட்டில் விட்டுவிட்டுப் போகத்தான் நினைத்தேன். நானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நாய் பார்க்கிற ஆசை என்று கூட்டிக்கொண்டேன். சங்கிலி போதாதென்று நாயை ஒரு கயிற்றாலும் கட்டிவிட்டுக் கிளம்பினோம். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் எனக்கு உட்கார முடியவில்லை. அவினாசி தாண்டுவதற்குள் நாலு முறை கண்டக்டரிடம் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கேட்டுவிட்டேன். ஐந்தாவது முறை அவர் என்னைப் பார்த்ததுமே முன்பக்கம் போய்விட்டார்.

கண்காட்சி ஒரு பெரிய பள்ளிக்கூட மைதானத்தில். ஷாமியானா போட்டு, நடுவில் கயிறு கட்டி வட்டம் அடித்து, உள்ளே நாய்களைப் பிடித்துக்கொண்டு கோட்டு போட்டவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். மைக்கில் ஒரே இங்கிலீஷ். மகளைவிட உயரமான நாய் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. மேஜை மேல் ஒரு நாயை நிறுத்தி இரண்டு பேர் சீவிக்கொண்டிருந்தார்கள், மூன்றாவது ஆள் தலைமுடி காயவைக்கும் மெஷினைப் பிடித்துக்கொண்டிருந்தான். என் கல்யாணத்துக்குக்கூட எனக்கு இத்தனை பேர் தலை வாரவில்லை. சீவி முடித்த நாயைத் தொட்டுவிடக்கூடாது என்பது அங்கே ஒரு சட்டம். தெரியாமல் ஒரு அம்மாள் தடவிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பார்த்தேன்.

கடைகள் மைதானத்தின் இரண்டு ஓரமும். அங்கே எப்படி வாங்குவது என்று நான் மற்றவர்களுக்குச் சொல்வது அன்று நான் கண்டதைத்தான். நுழைந்ததும் இருக்கிற நாலு கடையும் படம் காட்டுகிற கடை, விலை தலைக்கு மேல் இருக்கும். கையில் ஒன்றும் இல்லாமல் கடைசி வரை நடந்து திரும்பவேண்டும். கழிப்பறைப் பக்கம் ஒதுங்கிக் கிடக்கிற கடையில்தான் அதே சாமான் பாதி விலைக்குக் கிடைக்கும், கூட்டம் வராத வயிற்றெரிச்சலில் அவர்களே குறைத்துக் கொடுப்பார்கள். அட்டையில் உள்ள நாயின் அழகைப் பார்த்து ஷாம்பூ வாங்கக்கூடாது. நீள முடி நாய்க்கான சீப்பு நம் ஊர் நாய்க்கு முதுகு சொறியத்தான் ஆகும். பிஸ்கட்டைச் சும்மா தருவார்கள், வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம், வெட்கப்பட வேண்டியதில்லை. கொக்கியைக் கண்ணால் பார்த்து நம்பக்கூடாது, பத்து தடவை திறந்து மூடவேண்டும். சாயங்காலம் கோப்பையெல்லாம் கொடுத்து முடித்தபிறகு போனால் மூட்டை கட்டுகிற அவசரத்தில் என்ன கேட்டாலும் சரி என்பார்கள். ஆனால் அதுவரை காத்திருக்கிற நிம்மதி இருக்கவேண்டும். எனக்கு அன்று அது இல்லை.

ஒரு கடையில் நாய்க்குப் பனியன் தொங்கியது. விரலில் தேய்த்துப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, எங்கள் ஊர் ரிப் துணி. கழுத்தில் ஒரு சாயம், கையில் ஒரு சாயம், ஷேட் மாறி ரிஜெக்ட் ஆன லாட். நாங்கள் தள்ளிய துணி இங்கே நாயின் படத்தோடு மனிதச் சட்டையைவிட ஒசத்தியான விலைக்கு மாட்டியிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் கடைக்காரனிடம் நின்று சண்டைக்குச் சண்டை, சிரிப்புக்குச் சிரிப்பு என்று அரைமணி போக்கியிருப்பேன். அன்று அந்த மேஜையில் கை வைத்தபோதே நாய் இப்போது கயிற்றைக் கடித்துக்கொண்டிருக்கும் என்று தோன்றியது. ஒரு ரூபாய் போனைத் தேடி ஓடினேன்.

"நாயிங்களா? கம்முன்னு படுத்திருக்குதுங்க" என்றார் ஹவுஸ் ஓனர் அக்கா. "எதுக்குங்க இப்படிப் பதறுறீங்க? போன எடத்துல புள்ளைக்கு ஏதாச்சும் வாங்கிக் குடுங்க."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அரைமணி கழித்து மறுபடி அடித்தேன். மறுபடியும் அதே பதில். "படுத்தது படுத்தபடிக்குத் தூங்குதுங்க." போனை வைத்த பிறகும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. நாய் இப்போது சும்மா இருக்கிறது, நாலு மணிக்குமேல்தானே அதற்குக் கிறுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். அப்போது மணி இரண்டேகால்.

மகள் ஒரு நாயையும் நின்று பார்க்கவில்லை என்பதை நான் அன்று கவனிக்கவே இல்லை. எனக்கு முன்னால் கடை கடையாக ஏறி இறங்கினாள். "அண்ணா, நெஞ்சுல போடற பட்டை இருக்குதுங்களா?" என்று எங்கள் பேச்சை விட்டுவிட்டுக் கொங்குத் தமிழில் அவளே விசாரித்தாள். கழிப்பறைக்குப் பக்கத்துக் கடையில்தான் அகப்பட்டது. நடுவயதுக்காரர், காதில் பென்சில். பின்னால் கயிற்றில் பெரிதும் சிறிதுமாகப் பட்டைகள்.

"நாயைக் கூட்டிட்டு வரலையாம்மா?"

"இல்ல. அளவு இருக்கு." சீட்டை எடுத்தேன்.

"நெஞ்சு எவ்வளவு?"

"பதிமூணு."

"பதிமூணா? குட்டியா?"

"நாலு வயசு."

அவர் பென்சிலை எடுத்துக் காதைச் சொறிந்தார். "எதுக்கும் இன்னொருவாட்டி வீட்ல சரியாப் பாத்துட்டு..."

"பதினோரு வருஷமா எனக்கு அளக்கதுதான் வேலை" என்றேன். குரலில் சூடு ஏறிவிட்டது. அவர் மேல் கயிற்றிலிருந்து ஒரு பாக்கெட்டைக் கழற்றி வைத்தார். மகள் பக்கத்தில் தொங்கிய பெரிய பட்டை ஒன்றை இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இதுதான் அதுக்குச் சரியா இருக்கும்."

"சும்மா இரிட்டி. கண்ணால பாத்துச் சொல்லுத வேலையெல்லாம் வேண்டாம். அளவுன்னா அளவு."

பாக்கெட்டைப் பிரித்துப் பட்டையை எடுத்தேன். தையலை நகத்தால் கீறினேன். ஒரு இடத்தில் நூல் விட்டுப்போயிருந்தது, வேறு பீஸ் வாங்கினேன். முனையில் திருப்பித் தைத்திருக்கிறதா, ஓரம் பிசிறியிருக்கிறதா, பக்கிள் நகர்கிறதா, எல்லாம் பார்த்தேன். சைஸ் ஸ்டிக்கரில் பன்னிரண்டு முதல் பதினாறு என்றிருந்தது. என் சீட்டில் பதிமூன்று. பொருந்திவிட்டது. கழுத்தில் டேப் தொங்க, அந்தப் பட்டையை மட்டும் நான் அளக்கவில்லை.

திரும்பி வந்து சேர்ந்தபோது மணி ஐந்தரை. வெளிச்சம் இருந்தது. நாய் மாடிப்படிக்குக் கீழே அப்படியே இருந்தது, கயிற்றில் பல் பட்ட தடம்கூட இல்லை. வாலை ஆட்டிக்கொண்டு எழுந்தது. நான் கை கால் கழுவாமல் பட்டையைப் பிரித்தேன். ஒரு முன்னங்கால் நுழைந்தது. இன்னொன்றை நுழைக்க வழியில்லை. எல்லா இடத்திலும் இழுத்துத் தளர்த்தியும் முதுகுக்கு மேல் இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு சாணுக்கு மேல் இடைவெளி. நாய் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

"ஏமாத்திட்டான்" என்று கத்தினேன். டேப்பை எடுத்து, நாயை மறுபடி படுக்கப் போட்டு, நீவி, முதுகு ஓரம் முதல் நெஞ்சு ஓரம் வரை வைத்தேன். "பாரு, பதிமூணு. நானா தப்பா அளந்தேன்?"

மகள் குனிந்து பார்த்தாள். "அம்மா, நாய் என்ன பனியனா? அதுக்கு அந்தப் பக்கமும் ஒடம்பு இருக்குல்ல?"

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பனியன் கம்பெனியில் நெஞ்சளவு என்றால் டேபிளில் துணியைப் படியப் போட்டு, இந்த அக்குளிலிருந்து அந்த அக்குள் வரை. முன்பக்கத்தைத்தான் அளப்போம், பின்பக்கம் அதே அளவு என்று எல்லோருக்கும் தெரியும். வாங்குகிறவனின் சீட்டிலும் அப்படித்தான் வரும். சுற்றி யாரும் அளப்பதில்லை. பதினோரு வருஷத்தில் ஒரு நாளைக்கு எத்தனை நூறு பீஸ். உயிருள்ள ஒன்றைச் சுற்றி டேப் போடவேண்டும் என்பது என் கைக்கு மறந்துபோயிருந்தது. எனக்குச் சிரிப்பு வரவேண்டும், வரவில்லை. இனி புதன்கிழமைக்குள் எங்கே போய் வாங்குவேன் என்றுதான் யோசனை ஓடியது.

"சுத்தி அளந்திருந்தா இதுக்கு ரெண்டு மடங்கு வரும்மா" என்றாள் மகள். "நான் கட்டிப்பிடிச்சா இந்தக் கை விரல் அந்தக் கை முழங்கையைத் தொடும். அந்தக் கடையில அப்படி வளைச்சுப் பாத்துத்தான் பெரிசு சரியா இருக்கும்னு சொன்னேன்."

டேப்பை நாயைச் சுற்றிப் போட்டேன். இருபத்தாறு. அவள் சொன்னது அச்சு அசலாகச் சரி. அப்போதுதான் வேறு ஒன்று உறைத்தது.

"நீ எப்பட்டி அதைக் கட்டிப்பிடிச்ச? படிக்குக் கீழ நீ போனா தலை முட்டுமே."

அவள் நாயின் காதைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"உள்ள கூட்டிட்டு வந்திருவேன்" என்றாள் கடைசியில். "கரன்ட் போச்சுன்னா. பயமா இருக்கும்லா. சங்கிலி உள்ள வரைக்கும் எட்டாது. கொக்கியக் கழட்ட எனக்கு வரல, துரு. அதான் பட்டையத் தலை வழியா உருவிருவேன். அது தலையக் குனிஞ்சு குடுக்கும். நீங்க வாரதுக்கு முன்னால திரும்ப மாட்டிருவேன். ரெண்டு நாள் மாட்டறதுக்குள்ள நழுவி வெளிய ஓடிருச்சு. அன்னைக்கு வெண்ணெக்காரர் வண்டிச் சத்தம் கேட்டு, நான் கதவைச் சாத்தறதுக்குள்ள ஓடிருச்சு."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும். அது தானா ஒருநாளும் கழட்டலம்மா."

எனக்கு முதலில் வந்தது கோபம். கை ஓங்கியேவிட்டேன். ஓங்கின கை விளக்குமாறு பிடித்த அதே கை என்பது நினைவு வந்தது. அந்த நாலு அடியையும் நாய் வாங்கியபோது இவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அது எப்படிப்பட்ட நிற்பு என்று இப்போது விளங்கியது. நாலேகால் முதல் எட்டே முக்கால் வரை நான் கம்பெனியில் பயந்துகொண்டிருந்தேன். இவள் இங்கே பயந்துகொண்டிருந்தாள். ஒரு நாள்கூட நான் அவளிடம் பயமாக இருக்கிறதா என்று கேட்டதில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, அவள் முன்னாலேயே அழுதேன்.

இருட்டுவதற்குள் ஹவுஸ் ஓனர் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டால் எனக்குத் தாமதிக்க வராது. நாயை வீட்டுக்குள் சேர்த்ததையும், அவிழ்த்தது யார் என்பதையும், எதனால் என்பதையும் வாசலில் நின்றபடியே சொல்லி முடித்தேன். அந்த அம்மாள் மரியாதையை ஏற்றுவார் என்று காத்திருந்தேன்.

"புள்ளை பயப்படுதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாய உள்ளயே வெச்சுக்கோங்கன்னு சொல்லியிருக்க மாட்டனுங்களா?" என்றார். "இதையப் போய் ஏனுங்க மறைச்சீங்க?"

"எனக்கே இப்பத்தாங்க தெரியும்" என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

புதன்கிழமை மூன்றரைக்கே பர்மிஷன் போட்டுவிட்டு வந்தேன். நாயை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, நானும் மகளும் நாயுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தோம். பட்டையும் இல்லை, சங்கிலியும் இல்லை. கேட் திறக்கிற சத்தம், கார் நிற்கிற சத்தம், ஆட்கள் செருப்பை விடுகிற சத்தம். ஒவ்வொன்றுக்கும் எனக்குத்தான் தூக்கிவாரிப்போட்டது. நாய் ஒரு தடவை காதை மட்டும் நிமிர்த்திவிட்டு மறுபடி அவள் மடியில் மோவாயை வைத்துக்கொண்டது. பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரம் சாப்பிட்டுவிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டே போனார்கள். போன கையோடு ஹவுஸ் ஓனர் அக்கா ஒரு தட்டில் கேசரி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "ரெண்டு வாய் அதுக்கும் போடுங்க" என்று நாயைக் காட்டினார்.

அடுத்த மாதம் சூப்பர்வைசர் வேலையை விட்டு, ஐந்தரையோடு முடிகிற சாதாரண செக்கிங்குக்கு மாறிக்கொண்டேன். பிள்ளை ஊருக்குப் போகவில்லை, நாயும் எங்கும் போகவில்லை. கோயமுத்தூரில் வாங்கிய பட்டை எங்கள் கம்பெனிப் பெண் ஒருத்தி வீட்டுப் பொமரேனியனுக்குக் கச்சிதமாக இருக்கிறது. நல்ல தையல் என்று இன்றும் சொல்கிறாள்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வழக்கம்போலக் கரன்ட் போனது. மகள் பழக்கத்தில் நாயைச் சுற்றிக் கை போட்டாள், இந்தக் கை விரல் அந்தக் கை முழங்கையைத் தொட்டது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னை அரித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கேட்டேன்.

"அது தானா அவுத்துக்கிடாதுன்னு ஒனக்குத்தான் தெரியும்லா. பட்டை வாங்கி என்ன பிரயோசனம்? அப்புறம் எதுக்குட்டி அம்புட்டு தூரம் வந்து, வெயில்ல கடை கடையா ஏறி இறங்கின?"

"கெடைச்சிருச்சுன்னா என்னைய ஊருக்கு அனுப்ப மாட்டல்லம்மா" என்றாள்.